ஒட்டிவைத்த நட்

1998 ஜூன் 14, ஞாயிறு

இன்று முதல் நடப்பதையெல்லாம் நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கு வெட்கம் தருவதையும் எழுதுவேன். இதற்குக் காரணம் மாக்ரெட் ரீச்சர். விஞ்ஞான பாடத்தில் அவர் சொன்னார்: "கண்டதை ஒரு பக்கத்தில எழுதுங்கோ, நினைச்சதை மற்றப் பக்கத்தில எழுதுங்கோ. ரெண்டையும் கலந்தால் நீங்கள் விஞ்ஞானி இல்லை, பக்கத்து வீட்டு அன்ரி." வகுப்பே சிரித்தது. நான் அதைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிவைத்தேன்.

கண்டது: நேற்றுக் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். கோயில் வாசலில் பெண் பொலிஸ் என் பையைக் கொட்டிப் பார்த்து, மெழுகுதிரிகளில் ஒன்றை முறித்தும் பார்த்தா.

நினைத்தது: முறிந்த மெழுகுதிரியை ஏற்றினால் அந்தோனியார் கோபிப்பாரா? (ஏற்றினேன். கோபித்ததாகத் தெரியவில்லை.)

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. எல்லாரும் எரிமலை செய்கிறார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் நாலு எரிமலை. நான் வேறு ஒன்று யோசித்துவிட்டேன். அப்பா பழைய சோனகத் தெருவில் அலவி நானாவின் ஹார்ட்வெயார் கடையில் சேல்ஸ்மன். அந்தக் கடையில் கூரை வரைக்கும் லாச்சிகள், இழுத்துத் திறக்கிற மரப்பெட்டிகள். ஒரு லாச்சியிலும் பெயர் எழுதியில்லை. உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்து வெளியே கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிங்கள ஆளோ தமிழ் ஆளோ முஸ்லிம் ஆளோ, வருகிறவர் விரலை நீட்டினால் போதும். எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்குமே! அந்தப் பெயர்களைத்தான் நான் கண்காட்சியில் வைக்கப்போகிறேன்.

ஜூன் 16, செவ்வாய்

அப்பா ஒரு பெரிய ஜாம் தகரம் நிறையக் கொண்டுவந்தார். கடையைக் கூட்டும்போது நிலத்தில் சேர்கிற சாமான்கள். எது எந்த லாச்சியில் இருந்து விழுந்தது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லாததால் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்குமாம்.

"உங்கட மகள் பேர்ணடெற் எனக்கு எதிரா கடை போடப்போறாவோ எண்டு அலவி நானா கேட்டவர்" என்றார் அப்பா.

"போடட்டும்" என்றா அம்மா. "சீதனத்துக்கு நட்டும் போல்டும் குடுத்து அனுப்புவம். வேறென்ன இருக்கு எங்களிட்ட?"

நான் அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினேன். முடியும்வரை அவர் பார்க்கக்கூடாது, எந்தப் பெயரும் சொல்லித்தரக்கூடாது. எல்லாம் நானே புத்தகத்தில் இருந்து கண்டுபிடிக்கவேண்டும். அப்பா கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு சோறு சாப்பிட்டுக் காட்டினார்.

ஜூன் 18, வியாழன்

நூலகத்தில் எடுத்த புத்தகம் இங்கிலிஷ். படங்கள் தெளிவு, எழுத்துத்தான் கடினம். தகரத்தைப் பழைய பேப்பரில் கொட்டி மாலை முழுக்கப் பிரித்தேன். கை முழுக்கத் துருவும் எண்ணெயும்.

வாஷர் சுலபம், தட்டை வளையம். ஒரு பக்கம் வெட்டுப்பட்டு லேசாக முறுக்கியிருந்தால் அது ஸ்பிரிங் வாஷர். இயந்திரம் எவ்வளவு அதிர்ந்தாலும் நட் கழன்று போகாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. காது இரண்டு வைத்த நட்டுக்கு விங் நட் என்று பெயர், கையாலேயே திருகலாம். கூந்தல் ஊசி மாதிரி இருப்பது ஸ்பிளிட் பின். ரிவெட்டை ஒருமுறை அடித்து இறுக்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

போல்டும் ஸ்குரூவும்தான் குழப்பம். கடைசியில் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: தலையைப் பார்த்தால் போதும். ஆறு பக்கத் தலை என்றால் ஸ்பானர் போட்டுத் திருகுவது, அது போல்ட். உருண்டைத் தலை என்றால் ஸ்குரூ. இந்த விதிப்படி மிச்சமிருந்த பெரிய இரண்டுக்கும், புத்தகத்தில் படமில்லாமல் இருந்த இரண்டு பெயர்களை வைத்துவிட்டேன். ஆறு பக்கத் தலை உள்ளது கோச் போல்ட். காளான் மாதிரித் தலை உள்ளது கோச் ஸ்குரூ.

கோச் போல்டுக்கு ஒரு நட் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால் நட் ஏற மறுத்தது. நுனி கூராக இருக்கிறது. துரு தின்று அப்படி ஆகியிருக்கும். கீழ்வீட்டு சிறில் அங்கிளிடம் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொலூசன் வாங்கி நட்டை ஒட்டிவிட்டேன். இப்போது அசையாது.

ஜூன் 20, சனி

பலகை முடிந்தது! இடது பக்கம் சாமான்கள், வலது பக்கம் தமிழில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பித்தளைக் குண்டூசி. பின்னால் வயர்கள். டோர்ச் பற்றரி இரண்டு, சின்ன பல்ப் ஒன்று. ஒரு வயர் நுனியைச் சாமானிலும் மற்ற நுனியைப் பெயரிலும் தொட்டால், விடை சரியென்றால் பல்ப் எரியும். இரும்பே மின்சாரம் கடத்துவதால் வேறொன்றும் தேவையில்லை. நான் பத்துத் தரம் தொட்டுப் பார்த்தேன். பல்ப் எரியும்போது எனக்கு நெஞ்சுக்குள்ளும் என்னவோ எரிந்தது.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தா. அவவுக்கு முகம் சரியில்லை.

"இந்த வயர், பற்றரி எல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? பேரை எழுதி ஒட்டினால் காணாதா?"

"பல்ப் எரிஞ்சாத்தான் அம்மா விஞ்ஞானம்."

"நாங்கள் கொட்டாஞ்சேனையில இருக்கிறம், எப்ப செக்கிங் வரும் எண்டு தெரியாது. அதை மறந்துபோகாதை."

நான் சிரித்தேன். உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா? சிரித்தேன்.

ரீச்சரிடம் கேட்டபோது ஆய்வுகூடத்தில் இடமில்லை, கண்காட்சிக்கு முதல்நாள் கொண்டுவந்தால் போதும் என்றிருந்தார். அதனால் அப்பா பார்க்காமல் இருக்கப் பலகையைப் பழைய பெட்சீற்றில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூன் 23, செவ்வாய்

அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜூன் 24, புதன்

எழுதவேண்டும். கண்டதை மட்டும்.

நேற்று விடியமுன் எங்கள் ஜம்பட்டா வீதியின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு ஆமியும் பொலிசும் வீடு வீடாக வந்தார்கள். இது புதிதல்ல. இப்படி வரும்போது எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. அம்மா எல்லாருடைய அடையாள அட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பா. நான் கை இரண்டும் தெரிய நிற்பேன். அப்பா மட்டும்தான் கதைப்பார், சிங்களத்தில், சிரித்த முகத்துடன். வேறு யாரும் வாய் திறப்பதில்லை. எத்தனையோ தரம் அப்படியே முடிந்திருக்கிறது.

ஒரு ஆமிக்காரன் அலுமாரியை இழுத்தான். பெட்சீற் சுற்றிய பலகையைக் கையில் எடுத்து ஒரு மூலையை விலக்கிப் பார்த்தான். மிக மெதுவாக அதைக் கட்டிலில் வைத்தான். பிறகு பின்னால், பின்னால், கதவு வரைக்கும் காலை வைத்துப் போனான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. எங்களை எல்லாம் தெருவுக்கு இறக்கினார்கள். கீழ்வீட்டு ஆட்களையும், அடுத்த வீட்டு ஆட்களையும். சிறில் அங்கிள் இரவில் கட்டிய சாரத்துடன் நின்றார். குண்டு பார்க்கிற ஆள் என்று ஒருவரை ஜீப்பில் கூட்டிவந்து மேலே அனுப்பினார்கள். அவர் பலகையைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். வயர்கள் பிடுங்கப்பட்டுத் தொங்கின.

ஒரு அதிகாரி கேட்டார்: "மேக்க கௌத ஹதுவே?" யார் செய்தது இதை?

"மம, சேர்" என்றார் அப்பா. நான்தான் என்று.

அதே நேரத்தில் நானும் "மம" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அதிகாரி அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துக் கண்காட்சி என்று சொன்னேன். அப்பா, கடையில் வாடிக்கைக்காரருக்குக் காட்ட நானே செய்த மாதிரிப் பலகை என்று சொல்லியிருக்கிறார். மகளுக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறார்.

அப்பாவைச் செருப்புப் போடவும் விடவில்லை.

நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? அப்பா வாய் திறக்காமல் இருந்திருந்தால்? ஒரு ஆள் மட்டும் சொல்லியிருந்தால், எந்த ஆளாக இருந்தாலும், இது இப்படி ஆகியிருக்காதா? — இது நினைத்தது. கலந்துவிட்டேன்.

ஜூன் 25, வியாழன்

பொலிஸ் நிலையத்துக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். உள்ளே விடவில்லை. தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவர் வாசலுக்கு வந்தார், மஷூர் என்று பெயர். பார்சலை வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கதைத்தார்.

"ஒங்கட ஆளுக்கு அடி ஒண்டும் விழல்ல. ஆனா ரெண்டு கதை ஈக்கி. அப்பா ஒரு கதை, மகள் ஒரு கதை. ரெண்டுல ஒண்டு பொய் எண்டா, பொய் சொல்றதுக்கு ஒரு காரணம் ஈக்கணுமே எண்டு பெரியவர் கேக்கிறார். திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு வரல்ல எண்டா மேல அனுப்பிருவாங்க. அங்க போனா எங்கட கையில ஒண்டும் இல்ல."

மேலே என்றால் எங்கே என்று அம்மா கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும். கிராண்ட்பாஸில் இருந்து போன வருடம் கொண்டுபோன ஒருவர் இன்னும் களுத்துறைச் சிறையில்தான் இருக்கிறார்.

அங்கிருந்து அலவி நானாவிடம் போனோம். அவர் எங்களை உட்காரவைத்து தேத்தண்ணி தந்தார். "நாயகம் என்ட ஆள்" என்றார் அப்பாவைப் பற்றி, அம்மாவிடம். "ஆனா மெற்றில்டா, பலகை என்ட கடைக்கு எண்டு நான் எப்பிடிச் சொல்ற? நாளைக்கு ஷட்டரைப் பூட்டி சீல் வச்சாங்க எண்டா? இங்க பத்துக் குடும்பம் தின்னுது." கடைசி வரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

லாச்சிகளில் சாமான்கள் கம்பியில் தொங்கின. எனக்கு அவற்றைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஜூன் 26, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் மாக்ரெட் ரீச்சரைத் தனியே கண்டு எல்லாம் சொன்னேன். பொலிசுக்கு வந்து, இது கண்காட்சிக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லமுடியுமா என்று கேட்டேன். அவர் கையில் இருந்த சோக்கட்டியைத் துண்டு துண்டாக முறித்தார்.

"நான் வயர் வைக்கச் சொன்னேனா பிள்ளை?"

"இல்லை ரீச்சர்."

"எங்கட வீட்டில என்ர தம்பி நிக்கிறான். வவுனியாவில இருந்து வந்தவன், கொழும்பில நிக்கிறதுக்குக் குடுத்த பாஸ் முடிஞ்சுபோச்சு. நான் பொலிசுக்குப் போனால் என்ர விலாசம் கேப்பினம். விளங்குதா?"

விளங்கியது. கோபப்பட வேண்டும் போல் இருந்தது, வரவில்லை.

பின்னேரம் சிறில் அங்கிள் மேலே வந்தார். அவருக்கு வீட்டுக்காரர் என்ற முறையில் பொலிசில் கொஞ்சம் பழக்கம். அவர் சொல்வது, இரண்டு கதையையும் ஒரு கதையாக்க வேண்டும். நான் போய், "அப்பா சொன்னதுதான் சரி, நான் பயத்தில் உளறிவிட்டேன்" என்று சொல்லவேண்டும். அம்மாவும் அதையே சொல்கிறா.

"நீ பெரிசா உண்மை எழுதிறனியெல்லோ" என்றா அம்மா. "உன்ர உண்மை கொப்பியில கிடக்கட்டும். மனுசன் வீட்டுக்கு வரட்டும்."

இந்தக் கொப்பியையும் எரிக்கச் சொன்னா. அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, எரித்தேன் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன்.

ஜூன் 27, சனி

அப்பாவின் கதைக்கு ஒத்துச் சொல்வதாகத் தீர்மானித்தேன். அப்படியென்றால் பலகையில் என்னென்ன இருந்தது, ஏன் கடைக்கு அது தேவை என்று கேட்டால் தடுமாறக்கூடாது. அதனால் காலையில் புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினேன். முன்பு படங்களை மட்டும் பார்த்துவிட்டு விட்ட பக்கங்களை இன்று அகராதியை வைத்து வரி வரியாக வாசித்தேன்.

கோச் ஸ்குரூ: ஆறு பக்கத் தலை அல்லது சதுரத் தலை. நுனி கூர். மரத்துக்குள் தானே கடித்துக்கொண்டு போகும். நட் தேவையில்லை.

கோச் போல்ட்: காளான் தலை. கழுத்து சதுரம். நுனி தட்டை. நட் போட்டு இறுக்குவது.

நான் இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறேன். தலையைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. துரு தின்று கூரானது என்று எழுதினேனே. எந்தத் துரு? அது கூராகவே பிறந்தது. ஏறாத இடத்தில் நட்டைச் சொலூசன் போட்டு ஒட்டியும் வைத்திருக்கிறேன்! பல்பும் எரிந்தது. ஏன் எரியாது? நான் கட்டியபடிதானே எரியும். பிழைக்கும் எரியும்.

முகமெல்லாம் சுட்டது. யாரும் இல்லாத அறையில் வெட்கம் வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிறகுதான் அது தோன்றியது. நான் எழும்பி நின்றுவிட்டேன். அப்பா நான் பிறக்கமுன்பே அந்தக் கடையில். கண்ணை மூடிக்கொண்டு லாச்சிக்குள் கையை விட்டு எடுக்கிற ஆள். கோச் ஸ்குரூவில் நட் ஒட்டிய ஒரு பலகையை அப்பா செய்திருக்கவே முடியாது. பலகையை அவர் இன்னும் சரியாகப் பார்க்கவும் இல்லை. பொலிசில் அதை அவர் கண் முன்னால் வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டால்—

அம்மாவிடம் ஓடினேன். அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தா. இரண்டு தரம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

"பிழை விட்டுட்டு இப்பிடிச் சந்தோசப்படுற ஆளை நான் இப்பதான் பாக்கிறன்" என்றா. பிறகு உள்ளியைக் கீழே வைத்தா. "அப்ப அது உன்ர எண்டு உறுதியாகும். அவரை விட்டுட்டு உன்னைப் பிடிச்சால்?"

நான் உள்ளியை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

ஜூன் 28, ஞாயிறு

பூசைக்குப் போனோம். அம்மா முழங்காலில் இருந்து எழும்பவேயில்லை. வரும் வழியில் சொன்னா: "சரி. நாளைக்குப் போவம். ஆனால் ஒண்டு யோசி. உன்ர அப்பா உனக்காகப் பொய் சொல்லுவார். நட் சரிதான் எண்டு சொல்லுவார். அப்ப என்ன செய்வாய்?"

அதை நான் யோசிக்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் யோசிக்க முடியவில்லை. அப்பா சிரித்த முகத்துடன் "ஓம் சேர், சரிதான்" என்று சொல்வது என் காதில் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

ஜூன் 29, திங்கள்

முழுதும் எழுதுகிறேன்.

சிறில் அங்கிள் கூட வந்ததால் இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்தார். வயதானவர், கண்ணாடி. மேசைக்குப் பக்கத்தில் என் பலகை சாய்ந்து கிடந்தது. மஷூர் மொழிபெயர்த்தார்.

"பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு போல்ட்டும் நட்டும் எண்டு ஐயா கேக்கிறார்."

"மற்றப் பிள்ளையள் எரிமலை செய்யினம். எங்கட வீட்டில கிடைச்சது இதுதான்."

நான் கேட்டேன், அப்பாவைக் கூப்பிட்டுப் பலகையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள் என்று. அதில் ஒரு பிழை இருக்கிறது, கடைக்காரர் செய்யாத பிழை, நான் செய்தது. எது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அப்பா அது சரி எண்டு சொன்னா என்ன செய்ற எண்டு ஐயா கேக்கிறார்" என்றார் மஷூர்.

நான் அந்த நட்டை மறுபடி விரலால் காட்டினேன்.

என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். திரும்பக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. சுவரில் ஒரு கலண்டர். அப்பா வரும் சத்தம் கேட்டது. வெறுங்காலின் சத்தம்.

இன்ஸ்பெக்டர் பேனையால் ஒவ்வொன்றையும் தட்டினார். அப்பா சிங்களத்தில் சொன்னார். வாஷர். ஸ்பிரிங் வாஷர். விங் நட். குரல் கரகரத்தது, ஆனாலும் தடுமாறவில்லை. ரிவெட். ஸ்பிளிட் பின். கடையில் சாமான் சொல்கிற அதே குரல். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து வந்தது. அடுத்தது அதுதான்.

பேனை தட்டியது.

சரி, பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன்.

"ஆர் இது?" என்றார் அப்பா. தமிழில். சத்தமாக. "கோச் ஸ்குரூவுக்கு ஆர் நட் போட்டது? சொலூசன் வேற பூசி வச்சிருக்கு! மரத்துக்குள்ள போற சாமானுக்கு நட் என்னத்துக்கு? எந்த முட்டாள் இதை—"

அங்கே நின்றுவிட்டார்.

திரும்பக்கூடாது என்றார்கள், நான் திரும்பிவிட்டேன்.

"நான்தான் அப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். தாடி வளர்ந்திருந்தது. முகம் அப்படியே இடிந்துபோயிற்று. இன்ஸ்பெக்டர் மஷூரைப் பார்த்து, என்ன சொன்னான் என்று கேட்டார். மஷூர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். "மோடயா" என்ற சொல் எனக்குக் கேட்டது, முட்டாள் என்று. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஸ்குரூவை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சொலூசன் உரிந்து வந்தது. நட் கழன்று மேசையில் உருண்டது. அதை எடுத்துத் திருகப் பார்த்தார். ஏறவில்லை. மறுபடி பார்த்தார். ஏறவில்லை.

அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏன் உன்னுடையது என்று சொன்னாய்?

அப்பா சொன்னதை மஷூர் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "சேருக்கும் பிள்ளைகள் இருக்குமே."

எங்களை வெளியே மரவாங்கில் இருத்தினார்கள். மத்தியானம் போயிற்று. அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டேயிருந்தா. பின்னேரம் அப்பா வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கையெழுத்துப் போடவேண்டுமாம். பலகையைத் தரமாட்டார்களாம். வேண்டாம் என்று அம்மா சொன்னா, அவர்கள் கேட்காமலே.

ஜூன் 30, செவ்வாய்

கண்டது: அப்பாவின் இடது பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது. கதவில் நசிந்தது என்கிறார். குளித்தார். சாப்பிட்டார். யாருடனும் கதைக்கவில்லை. நேற்று அறையின் விளக்கை அணைக்க அம்மா போனபோது "இருக்கட்டும்" என்றார். விடியும்வரை எரிந்தது.

நினைத்தது:

ஜூலை 2, வியாழன்

அப்பா முன்கதவுக்குப் புதிதாக ஒரு கொண்டி பூட்டினார். உள்ளிருந்து போடுகிற நல்ல தடிப்பான கொண்டி. ஸ்குரூக்களை என்னிடம் வாங்கவில்லை, தானே எடுத்துத் தானே திருகினார். அம்மா பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அவங்கள் வந்து தட்டேக்க திறக்கச் சுணங்கினால் அதுக்கும் கேள்வி வரும்" என்றா. அப்பா கொண்டியை ஒருமுறை போட்டுத் திறந்தார். பிறகு போடவில்லை. கழற்றவும் இல்லை.

ஜாம் தகரத்தைக் காணவில்லை. அம்மாவிடம் கேட்கவில்லை.

விளக்கு எரிகிறது. நான் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு படுக்கிறேன்.

ஜூலை 10, வெள்ளி

கண்காட்சி. எனக்கு ஒதுக்கிய மேசையில் யாருடையவோ மீன் தொட்டி. நான் இரண்டாவது எரிமலைக்கு அருகில் நின்று பார்வையாளருக்கு விளக்கம் சொன்னேன். மாக்ரெட் ரீச்சர் என் பக்கம் வரவில்லை. போகும்போது மட்டும் தோளில் கை வைத்து, "அப்பா சுகமா?" என்றார். "சுகம் ரீச்சர்" என்றேன். "தம்பி?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று தெரியவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வரும் வழியில் அலவி நானாவின் வீட்டுக்கும் போனாராம். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

இரவு சாப்பிடும்போது அப்பா திடீரென்று சொன்னார்: "சிறில் சொன்ன கதையைக் கேட்டு அலவி நானா ஒரு வெறும் லாச்சிக்கு முன்னால கோச் ஸ்குரூ ஒண்டில நட்டை ஒட்டிக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம்."

"என்னத்துக்கு?" என்றா அம்மா.

"கேக்கிறவைக்கு, இது விக்கிறதுக்கு இல்லை, இது பேர்ணடெற் போல்ட் எண்டு சொல்லுறாராம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தா. நான் தட்டைப் பார்த்தேன். அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. சோறு புரையேறி, கண்ணால் தண்ணீர் வந்து, அம்மா தலையில் தட்டும்வரை சிரித்தார். "சொலூசன்" என்று ஒரு சொல்லைச் சொல்வதும் மறுபடி சிரிப்பதும்.

பிறகு கதவைச் சாத்தினார். கொண்டியைப் போடவில்லை. நான் இந்தக் கொப்பியுடன் கட்டிலில் இருந்தேன். அறைக்குள் வந்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் எழுதிறியா பிள்ளை?"

"ஒரு வரி இருக்கு அப்பா."

"கெதியா எழுது. நாளைக்கு வேலை."

காத்துக்கொண்டு நிற்கிறார். அந்த வரியை முடிக்கும்வரை நின்றார். அப்பா விளக்கை அணைத்துவிட்டார். இது இருட்டில் எழுதியது.